முன்னும் பின்னும்

பக்கத்துக்கு இருபது காசு.
ஐசி என்றால் முன்னும் பின்னும்
ஒரே தாளில் விழும்படி எடுத்துத் தருவேன்.
பெஸ்தாரி ஜெயா பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே,
நம்பர் கடைக்குப் பக்கத்தில்.
பதினேழு வருஷமாய் இந்த இயந்திரத்தின் வெளிச்சம்
என் வயிற்றுக்குக் குறுக்கே போய்வருகிறது.

ஆறாம் படிவத்து விமலேந்திரன்
ஒரு புத்தகம் கொண்டுவந்தான். பழைய அமெரிக்கக் கதைகள்.
நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தொன்பது வரை.
என் இங்கிலீஷுக்கு நடக்கத் தெரியும், ஓடத் தெரியாது.
மூடியைத் தூக்கும்போதெல்லாம் நாலு வரி.

கோதுமைக் காட்டில் ஒரு வீடு.
பாதையோரம் தகரத்தில் தபால்பெட்டி,
அதில் புருஷன் பெயர் மட்டும்.
கதை எழுதியவனும் அவளை
இன்னார் மனைவி என்றேதான் சொல்லிக்கொண்டு போகிறான்.
முட்டை விற்ற காசில்
சின்ன டின் கறுப்புச் சாயம் வாங்குகிறாள்.
அவன் சந்தைக்குப் போன நாளில்
பாதைவரை நடந்து, டின்னைத் திறந்து
நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது.

"அடுத்த பக்கம்?"
"அது சோதனைக்கு வராது அக்கா."

என் ஐசியில் இருப்பவள் தவமணி.
பதினாலாம் மாதத்தில் வாந்திபேதியில் போனவள்.
இரண்டு வருஷம் கழித்து நான் வந்தேன்.
பதியப் போனால் ஒருநாள் சம்பளம் போகும்,
இருக்கிற பத்திரம் சும்மாதானே கிடக்கு
என்றாராம் அப்பா.
அவள் சட்டையோடு அதையும் போட்டுவிட்டார்கள்.
லயத்தில் கூப்பிட்ட பெயர் வேறு.
அதைச் சொல்ல மூன்று பேர் மிச்சம்,
ஒருத்திக்கு நினைவு தப்பிவிட்டது.

சேமநிதிப் பணம் இரண்டு வருஷம் முந்தி வந்தது.
லாபம் என்றால் அது ஒன்றுதான்.
கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டவள் அவள்.
பிள்ளைகள் பத்திரத்தில் தாயும் அவள்.
பதினாலு மாதக் குழந்தை
என் இரண்டு மகன்களைப் பெற்றிருக்கிறாள்.

இந்த ஊர் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை.
சொல்லக் கூச்சமாயிருக்கிறது என்று மாற்றினார்கள்.
பலகை வந்தது. பஸ்ஸில் புதுப்பெயர் வந்தது.
ஊருக்கே முடியுமானால் என்று
அந்த மாதமே கோலசிலாங்கூர் பதிவிலாகாவுக்குப் போனேன்.

முகப்பில் இருந்த பெண் நல்லவள்.
உங்களுக்குத்தான் ஐசி இருக்கிறதே என்றாள்,
இல்லாதவர்கள் வெளியே நிற்கிறார்கள்.
உண்மைதான். அந்த வரிசைக்கு
நகல் எடுத்து அனுப்புகிறவளே நான்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடு வேண்டுமாம்.
ஆஸ்பத்திரி இருந்த மேட்டில் செம்பனை நாற்று நிற்கிறது.
அப்புறம் தவமணி இறந்ததற்கு அத்தாட்சி.
அவளை நான் சாகடித்துக் காட்டினால்
எனக்குப் பிறப்பு கிடைக்கும்.
போராங்கை நாலாய் மடித்தேன்.
மடிப்பில் இப்போது கிழிந்திருக்கிறது.

நேற்று விமலேந்திரன் சோதனை முடிந்து
புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனான்.
ஐம்பதாம் பக்கம்.

எழுதிவிடுகிறாள். நேராக, நிதானமாக, புருஷன் பெயருக்குக் கீழே.
அவன் வருகிறான், வண்டியை நிறுத்துகிறான்,
கடிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து
கை கழுவிச் சாப்பிட உட்காருகிறான்.
அவன் பார்க்கவில்லை.
அவள் சொல்லவில்லை.
கதை அவ்வளவுதான்.
சோதனைக்கு வராதது சரிதான்.

கடையில் ஆளில்லை.
துண்டுத்தாளில் பென்சிலால் லயத்துப் பெயரை எழுதி
கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
மங்கலாய் விழுந்தது.
கறுப்பைக் கூட்டும் பொத்தானில் விரல் வைத்தபோது
வாசலில் யாரோ செருப்பை உதறினார்கள்:
"தவமணிக்கா, ஐசி ரெண்டு காப்பி."

"முன்னும் பின்னுமா?" என்றேன்.